குறுவைக்கு முன்னால் ஒரு மடல்: போர்டை மாற்றச் சொல்வதற்கு முன் கார்டைக் காட்டுங்கள்

மன்னார்குடி
வைகாசி மாதம்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் சரி, தண்ணீர் இல்லாமல் தள்ளிப்போனாலும் சரி, நம் கடை வாசலில் மருந்து தெளிக்கிற ட்ரோன் வரிசை கட்டுவது மட்டும் தவறுவதில்லை. போர்வெல் வைத்திருப்பவர்கள் முன்னாடியே நடவை முடித்துவிடுகிறார்கள். தாளடி அறுப்பு முடிந்ததிலிருந்து கொட்டகையில் கிடந்த ட்ரோன் வண்டியை ஒருநாள் காலையில் தூசி தட்டி எடுப்பார்கள், அது மக்கர் செய்யும், மதியம் இங்கே வந்து நிற்கும். வருகிறவர்கள் சொல்வதும் மூன்றே மூன்றுதான். "ஜிபிஎஸ் போயிடுச்சு." "போர்டு போயிடுச்சு." "நிறுத்துனா தானா சுத்துது."

இந்தக் குறுவையிலிருந்து கடையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். லாக், அதாவது ட்ரோன் ஒவ்வொரு பறப்பிலும் மெமரி கார்டில் எழுதிவைக்கிற பதிவு, அதைப் பார்க்காமல் ஜிபிஎஸ், திசை காட்டுகிற காம்பஸ், நீங்கள் போர்டு என்கிற ஃப்ளைட் கன்ட்ரோலர் இந்த மூன்றையும் மாற்றித் தரமாட்டோம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "மாத்திடுங்க, நாளைக்கு அஞ்சு ஏக்கர் அடிக்கணும்" என்று நின்றாலும் அப்படித்தான். சில பேருக்கு இது வருத்தமாக இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம், அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

போன தாளடியில் நீடாமங்கலம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவரின் ட்ரோன் வரப்புப் பனைமரத்தில் மோதி ஒரு கை ஒடிந்து வந்தது. புதுக் கை போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் திரும்ப வந்தார். "நடு வயல்ல நிறுத்துனா செக்குமாடு மாதிரி சுத்துதுண்ணே. வட்டம் வேற பெருசாயிட்டே போவுது." மோதின அடியில் ஜிபிஎஸ் கெட்டிருக்கும் என்று நாங்களே முடிவுகட்டி, 9,000 ரூபாய்க்குப் புதுசு மாட்டினோம். காம்பசும் அந்த ஜிபிஎஸ் வட்டுக்குள்தான் இருக்கிறது. கடைக்குப் பின்னால் காலி டேங்கோடு ஏற்றிப் பார்த்தோம், ஆணி அடித்த மாதிரி நின்றது. சந்தோஷமாக அனுப்பிவைத்தோம். மறுநாளே போன் வந்தது: பத்து லிட்டர் ஊற்றினால் பழையபடி சுத்துகிறது.

அப்புறம்தான் கார்டைக் கழற்றி லாக்கைத் திறந்தோம். நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் 400 மில்லிகாஸை (காந்தத்தை அளக்கிற அலகு) ஒட்டி இருக்கும். ட்ரோன் தரையில் நிற்கும்போது லாக்கில் காந்தக் கோடு 400-ல் இருந்தது. ஏற ஏற, மின்னோட்டம் 110 ஆம்பியரைத் தொட்டபோது அதே கோடு 560-க்குப் போய்விட்டது. இறங்கினதும் பழையபடி 400. ஆம்பியர் கோட்டையும் காந்தக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. காம்பஸ் கெடவில்லை, பக்கத்தில் ஓடின மின்சாரம் அதை ஏமாற்றியிருக்கிறது. புதுக் கையை மாட்டும்போது பேட்டரி வயரை காம்பஸ் வட்டு நிற்கிற கம்பத்தின் அடியிலேயே, சிவப்பு ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கமாக விட்டது எங்கள் ஆள். இரண்டையும் சேர்த்து முறுக்கி விட்டிருந்தால் ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அடித்திருக்கும். காலி டேங்கில் பாதி ஆம்பியர்கூட ஓடாது என்பதால் கடையில் நோய் தெரியவில்லை. வயரை முறுக்கித் தள்ளிக் கட்டியதோடு வேலை முடிந்தது. 9,000-ஐத் திருப்பிக் கொடுத்தோம், அவருடைய பழைய ஜிபிஎஸ்ஸையே மாட்டினோம். அதற்குள் அவருக்கு நாலு நாள் வேலை போய்விட்டது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஏன் சுத்துகிறது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஜிபிஎஸ் "கிழக்கே ஒரு மீட்டர் தள்ளிப்போயிட்டே, மேற்கே வா" என்று சொல்கிறது. மேற்கு எது என்று சொல்ல வேண்டியது காம்பஸ். அது ஐம்பது டிகிரி தள்ளிக் காட்டினால் ட்ரோன் மேற்கே போகாமல் கோணலாகப் போகும். திரும்பத் திருத்தும், திரும்பக் கோணல். அந்தத் திருத்தல்தான் வட்டம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் ஆட்டோ மோடை விட்டுவிட்டு உடனே ஆல்டிட்யூட் ஹோல்டுக்கு (உயரத்தை மட்டும் தானாகப் பிடிக்கிற மோடு) மாற்றிக் கையால் இறக்குங்கள். இந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் நிற்கிற உதவியாளுக்கும் சொல்லிவையுங்கள்.

லாக் எடுப்பது பெரிய வித்தையில்லை. கன்ட்ரோலரின் பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு மெமரி கார்டு இருக்கும். அதில் லாக்ஸ் என்கிற ஃபோல்டரில், ".bin" என்று முடிகிற ஃபைல்கள் எண் வரிசையில் இருக்கும். பிரச்சினை வந்த பறப்பும் அதற்கு முந்தின நல்ல பறப்பும் எங்களுக்கு வேண்டும். நல்லது இருந்தால்தான் கெட்டது தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். லேப்டாப் திரையை போனில் படம் பிடித்து அனுப்புவதால் பிரயோசனமில்லை. கார்டை ஃபார்மட் செய்துவிட்டு மட்டும் வராதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். இன்னொன்று: ஆர்டுபைலட் என்கிற சாஃப்ட்வேர் ஓடுகிற கன்ட்ரோலர்களில் கம்பெனி செட்டிங்படி, ஆர்ம் ஆன பிறகுதான் (மோட்டார் சுற்றப் பூட்டுத் திறந்த பிறகு) லாக் எழுத ஆரம்பிக்கும். ஆர்ம் ஆகவே மறுக்கிறது என்றால் லாக் இருக்காது. அப்போது திரையில் வருகிற சிவப்பு எழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாதிப் பிரச்சினையை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

மூடின சிஸ்டமாக வருகிற கம்பெனி வண்டிகளுக்கு லாக் அவர்களுடைய ஆப்பில் இருக்கும். வாரன்டி இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். டைப் சர்டிபிகேட் (அந்த மாடலுக்கு அரசு தருகிற சான்று) வாங்கின மாடலில் வேறு கன்ட்ரோலர் போட்டுத் தரச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். சர்டிபிகேட் அந்த மாடலுக்குக் கொடுத்தது, மாற்றிக் கட்டின வண்டிக்கு அல்ல.

காம்பஸ் பேச்சை இன்னும் முடிக்கவில்லை, ஏனென்றால் தவறு அங்கேதான் அதிகம். கேலிபரேஷன் (காம்பசுக்குத் திசை பழக்குவது) எங்கே செய்தீர்கள் என்று கேட்டால் "களத்துலதான்" என்பார்கள். சிமென்ட் களத்துக்கு அடியில் கம்பி இருக்கிறது. பக்கத்தில் டாட்டா ஏஸ் நிற்கும். சட்டைப் பையில் போன், கையில் இரும்பு வாட்ச். இத்தனையும் சேர்ந்த காந்தத்தைத்தான் "இதுதான் பூமி" என்று ட்ரோன் மனப்பாடம் செய்துகொள்கிறது. வயலுக்குப் போனதும் அந்தப் பூமி இல்லை. வரப்பிலோ அறுத்த தாளிலோ நின்று செய்யுங்கள். பம்ப்செட் கொட்டகையும் டாட்டா ஏஸும் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும், போனை மச்சான் கையில் கொடுத்துவிடுங்கள்.

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் ஒரு தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை விடுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோட்டுக்காகத்தான். கோட்டுக்குப் பக்கத்தில் காந்த முள் கிட்டத்தட்டப் படுக்கையாக நிற்கும். வடக்கு தெற்கு காட்டுவதற்கு முழுப் பலமும் கிடைக்கும். ஐரோப்பா பக்கம் முள் தரையைப் பார்த்துச் சாய்ந்துவிடும், திசைக்கு மிச்சம் கொஞ்சம்தான். அதனால் இங்கே காம்பஸ் சரியாக வேலை செய்யாவிட்டால் பூமியைக் குறை சொல்ல முடியாது.

தொல்லை என்னவென்றால், இதே காந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பொழுது சாய்ந்த பிறகு வானத்தின் மேலடுக்கில் மின்துகள் குமிழிகள் எழும்பும். சாட்டிலைட் சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது நட்சத்திரம் கண்சிமிட்டுவதுபோல மினுங்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி 2024-ல் உச்சத்தைத் தொட்டதால் இப்போதைக்கு உடனே அடங்காது. அக்டோபரில் சம்பாவுக்கு "சாயங்காலம் காத்து அடங்குனதும் அடிச்சுக்கலாம்" என்று கிளம்புகிறீர்கள் அல்லவா, அந்த நேரம்தான். ஒருவருடைய லாக்கில் ஏழேகாலுக்கு 18 சாட்டிலைட், நாலு நிமிடம் கழித்து 9. அவர் ஜிபிஎஸ்ஸை மாற்றச் சொல்லி வந்தார். காலையில் அதே வயலில் அதே ஜிபிஎஸ் ஒழுங்காக நின்றது. இருட்டினால் ஈபி வயரும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டியைத் தரையில் வைத்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

இனி பறப்புத் திட்டம். நீங்கள் மாவில் சொல்கிறீர்கள், ஆப் ஏக்கரிலோ ஹெக்டேரிலோ கேட்கிறது. ஒரு மா 33 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இதை எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் படத்தில் வரப்பைத் தொட்டு வரைந்தால் சில மீட்டர் தள்ளிப்போக வாய்ப்பிருக்கிறது. வரப்பை நடந்தே குறியுங்கள்.

"ஏக்கர் முடியறதுக்குள்ள மருந்து தீர்ந்துடுது, பம்ப் கோளாறு" என்பது இன்னொரு புகார். கணக்கைப் பாருங்கள். நாலு மீட்டர் அகலம், விநாடிக்கு நாலரை மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 18 சதுர மீட்டர். ஏக்கர் 4,047 சதுர மீட்டர்; 225 விநாடி. பத்து லிட்டர் அதற்குள் போக வேண்டுமானால் நிமிடத்துக்கு 2.7 லிட்டர் வைக்க வேண்டும். பம்ப்பை அப்படி வைத்துவிட்டு ஆப்பில் அகலத்தை மூன்று மீட்டர் என்று போட்டால், அதே ஏக்கருக்கு 300 விநாடி ஆகும், பதிமூன்றரை லிட்டர் கேட்கும். முக்கால் ஏக்கரில் டேங்க் காலி. பம்ப் மேல் பழி போட்டு என்ன செய்வது?

உயரத்தில் இரண்டு விஷயம். திட்டத்தில் போடுகிற உயரம் கிளம்பின இடத்திலிருந்து கணக்காகிறது. வெண்ணாற்றங்கரை மேலே நின்று கிளப்பிவிட்டு இரண்டரை மீட்டர் என்று போட்டால், கரை வயலைவிட மூன்று மீட்டர் உயரமாக இருந்தால், பயிருக்கு மேல் ஐந்தரை மீட்டரில் பறக்கும். மருந்து ஊருக்குப் போகும். ரேடார் இருக்கிற வண்டி இதைத் தானாகத் திருத்திக்கொள்ளும், ஆனால் ரேடார் முகத்தில் சேறு காய்ந்திருக்கக் கூடாது. இன்னொன்று, சிக்னல் போனாலோ பேட்டரி இறங்கினாலோ வீட்டுக்குத் திரும்பும் உயரம். ஆர்டுபைலட்டில் அது பிறவியிலேயே 15 மீட்டர். நெட்டைத் தென்னை 20 மீட்டருக்கு மேல் நிற்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த உடைசல்களில் பாதி இந்த ஒரு எண்ணால் வந்தவை. வயலைச் சுற்றி இருக்கிற உயரமான மரத்தைப் பார்த்து, அதற்கு மேல் ஐந்து மீட்டர் வையுங்கள்.

குறுவைக் களைக்கொல்லி அடிக்கிற நேரத்தில் திருவாரூர் பக்கம் கோடைப் பருத்தி பக்கத்து வயலில் நிற்கும். 2,4-டி சாரல் பட்டால் பருத்தி இலை விரல் மாதிரி சுருங்கிப்போகும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் கிழக்கு வரப்பை ஒட்டிக் கணிசமாக இடம் விட்டுத் திட்டம் போடுங்கள், அந்த ஓரத்தைக் கைத்தெளிப்பானில் முடித்துக்கொள்ளலாம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள்; விடிந்ததும் அடித்துவிட்டு எட்டு மணிக்குள் மூட்டை கட்டுவதுதான் அந்த மாதத்துக்கு வழி.

தஞ்சாவூர், திருச்சி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் போர் விமானம் நிற்கிறது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால், 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்குக் கீழே பறக்க அனுமதி வேண்டியதில்லை. நாம் பறப்பது பத்தடி. எட்டுக்குள் இருக்கிற நிலம் என்றால் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற மண்டல வரைபடம் மாறக்கூடியது, ஆகவே அடிக்கிற அன்று காலையிலேயே பாருங்கள். 16 லிட்டர் டேங்குக்கு மாற்றித் தரச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: மொத்த எடை 25 கிலோவைத் தாண்டினால் வண்டி ஸ்மால் வகையிலிருந்து மீடியம் வகைக்குப் போய்விடும், உங்கள் கையில் இருக்கிற பைலட் சர்டிபிகேட் அதற்குச் செல்லாது.

பேட்டரியைப் பற்றிப் போன வருடமே எழுதினோம். ஆறு செல் பேட்டரியை 25.2 வோல்ட்டில் நிரப்பி நாலு மாசம் வைத்தால் உப்பும். சேமிப்புக்கு 22.8. உப்பினதை நாங்கள் சரிசெய்ய முடியாது, யாராலும் முடியாது. வேதாரண்யம் பக்கத்தவர்கள் உப்புக்காற்றுக்கு ஜிபிஎஸ் கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்று மாதம் ஒருதடவை கழற்றிப் பாருங்கள்.

லாக் பார்த்துச் சொல்ல 300 ரூபாய். வேலையை இங்கேயே செய்தால் அந்தத் தொகை பில்லில் கழியும். நேரில் வர வேண்டியதில்லை, அனுப்பினால் அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்கிறோம்; ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து மட்டும் ஒருநாள் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் டேங்கை வயலிலேயே மூன்று தடவை அலசி, அலசின தண்ணீரையும் அதே வயலில் அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். போன ஐப்பசியில் மருந்து மிச்சத்தோடு வந்த ஒரு டேங்கைத் திறந்து எங்கள் பையனுக்கு இரண்டு நாள் கண் எரிச்சல். அலசாத வண்டியை இனிமேல் வாசற்படி ஏற்றமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் ட்ரோன் சர்வீஸ் கடைக்காரர்கள்