நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும்

கொக்குவில் கிழக்கு,
21.09.2025

அன்பின் சுகந்தி,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். பதினொரு நிமிடம் கதைத்திருக்கிறாய், அதில் நாலு தரம் "தலை பிளக்குதடி" என்கிறாய். வாட்சப்பில் பதில் போட்டால் பாதி விட்டுப்போகும். உன் மச்சாள் வெள்ளிக்கிழமை திரும்புகிறா, புழுக்கொடியலோடு இந்தக் கடிதமும் அவவின் பையில் வரும். எழுத்துக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். மாமியின் நித்திரை குழம்பும் என்று விறாந்தையில் சின்ன லைற்றைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

"உனக்கு எப்பிடிக் குறைஞ்சது?" என்று கேட்டாய். தலையிடி குறைந்தது உண்மை, அடியோடு போகவில்லை. போன மாதம் ஐந்து நாள். இந்த வருசம் பங்குனியில் பத்தொன்பது நாள். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதுதான் முழுக் கதையும்.

எனக்கு இது முதல் வந்தது உன் பக்கத்தில் வைத்துத்தான், ஞாபகமா? 1995 ஒக்ரோபர் கடைசியில் எல்லாருமாக யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தோமே, அதுக்கு அடுத்த நாள், சாவகச்சேரியில். நீ எனக்கு முன்னால் இருந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாய். பார்க்கிறேன், உன் மூக்குக்கு இடப்பக்கம் முகமே இல்லை. அந்த இடத்தில் பனங்கருக்கு மாதிரிப் பல்லுப் பல்லாக ஒரு விளிம்பு, மினுங்கி மினுங்கி அகலுது. நான் கத்த, நீ பயந்து அழ, அம்மா பசி மயக்கம் என்று பாணைத் திணித்தா. அரை மணித்தியாலத்துக்குள் கருக்கு மறைந்தது. பிறகு வலக்கண்ணுக்குப் பின்னால் இடி தொடங்கியது, தின்ற பாணும் வெளியில் வந்தது. அந்தக் கருக்குக்கு "ஓறா" என்று பெயர், மைக்ரேன் என்கிற இந்த ஒற்றைத் தலையிடிக்காரரில் ஒரு பகுதிப் பேருக்குத்தான் வரும் என்று அறிய எனக்கு இருபத்தொன்பது வருசம் எடுத்திருக்கிறது. அதுவும் நான் பத்தாம் பதினோராம் வகுப்புக்கு நரம்புத்தொகுதி படிப்பிக்கிற விஞ்ஞான ரீச்சர்!

இடையில் எத்தனை பேர் எத்தனை பெயர் வைத்தார்கள். பீனிசம் என்றார்கள், கண்ணாடி மாற்றினேன். பல்லுத்தான் காரணம் என்று ஒருவர் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கினார் (ஆள் யார் என்று கேட்காதே, நல்ல பல்லு அது, இன்றைக்கும் நாக்கு அந்த இடத்தைத் தேடும்). மாமி சுக்கு உரசிப் பத்துப் போட்டா, நொச்சி இலை அவித்து ஆவி பிடிக்க வைத்தா, ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாமல் நாவூறும் கழித்தா. பத்து போட்ட நெற்றி குளிர்ந்தால் எனக்கு இன்றைக்கும் சுகம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கிழமை வருகிற இடியை அது தடுக்கவில்லை.

அப்போதெல்லாம் மாதத்தில் ஒன்றோ இரண்டோதான், அதுவும் மாதவிலக்கை ஒட்டி. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்றில்தான் நெருங்கி நெருங்கி வரத் தொடங்கியது. மாதவிலக்கு ஒழுங்கு குழம்புகிற வயதில் ஈஸ்ட்ரஜன் என்கிற ஹோர்மோன் ஏறி இறங்கும், அந்த இறக்கம் மைக்ரேனைக் கிளப்பும் என்று பிறகுதான் சொன்னார்கள். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது பனடோல் மட்டும்தான். கைப்பையில் ஒரு கார்ட், மேசை லாச்சியில் ஒரு கார்ட், இவரின் மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள் ஒன்று. காலமை தேத்தண்ணியோடு இரண்டு, இடைவேளைக்கு இரண்டு. வலிக்கும் என்று தெரிந்தால் மணி அடிக்க முதலே இரண்டு.

மாசியில் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுத்துப்பிழை பிடிக்கிறேன், பலகையில் பாதிச் சொல் இல்லை. ஒரு பிள்ளை வாளி கொண்டுவந்து வைத்தது. அன்றைக்கு அதிபர்தான் பிடித்துத் துரத்தினா, போய்க் காட்டு என்று.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் விடியவே போய் நம்பர் எடுத்து இருந்தேன். டொக்டர் இளம் ஆள், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. காலைக் கையைத் தட்டிப் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நான் தனியாரில் காசு கட்டி எடுத்த ஸ்கானைப் பெருமையாக நீட்டினேன். பார்த்துவிட்டு, உங்கட கதையும் சோதனையும் இப்பிடி இருந்தால் இது தேவைப்பட்டிராது என்றார். திடீரென்று ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற இடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், இப்படி ஏதும் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடிவரச் சொன்னார். பிறகு "மாதத்தில எத்தினை நாள்?" என்று கேட்டார். ஏழெட்டு என்றேன். மருந்து எழுதாமல், கலண்டரில் இடிக்கிற நாளுக்குச் சிவப்புப் புள்ளி, குளிசை போடுகிற நாளுக்கு நீலப் புள்ளி குத்திக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வெயிலுக்குள் பஸ்சுக்கு நின்ற எனக்கு வந்த கோபம்!

சமையலறையில் தொங்குகிற புடவைக்கடைக் கலண்டர், உனக்குத் தெரியும், லட்சுமி படம் போட்டது. அதிலேயே குத்தினேன். பங்குனித் தாளைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு போனேன். அவர் பேனை மூடியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினார். சிவப்பு 19. நீலம் 22.

"நீலம் சிவப்பை மிஞ்சீட்டுது, ரீச்சர்" என்றார்.

அந்த மூன்று நாளும் எனக்கு இடியே இல்லை. வரப்போகுது என்ற பயத்தில் போட்ட குளிசை. ஏழெட்டு என்று நான் சொன்னது பொய்யில்லை சுகந்தி, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாதாரண வலிக்குளிசை மாதத்தில் 15 நாளோ அதுக்கு மேலோ, கஃபீனோ, கோடீன் என்கிற அபின் இன மருந்தோ கலந்தது என்றால் 10 நாளே போதும், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால், மைக்ரேன் உள்ள தலையை அந்தக் குளிசையே இடிக்கப் பழக்கிவிடுமாம். போட்டது இறங்க இடிக்கும், இடிக்கப் போடுவோம். நீ வேலைக்கு வெளிக்கிட முதல் தேத்தண்ணியோடு இரண்டு போடுகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னாய் பார், அந்த இடத்தில்தான் நான் செய்தியை நிறுத்தித் திருப்பிக் கேட்டேன்.

நிறுத்தச் சொன்னார். சித்திரை வருசப் பிறப்பு விடுமுறையைப் பார்த்து நிறுத்தினேன். முதல் கிழமை கூடும் என்று சொல்லித்தான் விட்டார், ஆனால் அப்படிக் கூடும் என்று நான் நினைக்கவில்லை. வருசத்தன்று யன்னலுக்குப் போர்வை கட்டி, வாளியை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியில் சித்திரை வெயில், பக்கத்து வீட்டில் வெடி. மாமி இருட்டுக்குள் தடவிக்கொண்டு வந்து கைவிசேஷக் காசை உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் பேசாமல் போனா. ஒன்பதாம் நாள் விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் தலை இடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். உன் குளிசையில் கோடீன் இருந்தால் என்னை மாதிரி ஒரேயடியாக நிறுத்தாதே, டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறை.

அதோடு சேர்த்து இரவில் ஒரு குளிசை, வராமல் தடுக்க. அமிற்றிப்ரிலின், 10 மில்லிகிராமில் தொடங்கி இப்போது 25. இது பழைய மருந்து, மனச்சோர்வுக்கென்று வந்தது, அதைவிடக் குறைந்த அளவில் தலையிடிக்குக் கொடுப்பார்கள். இவர் போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் கறுத்துப்போய் இருந்தார். மாமியோ, "பிள்ளைக்கு அப்பிடி என்ன கவலை, நான் ஏதும் சொன்னனானோ?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. விளங்கப்படுத்திக் களைத்துப்போனேன். வாய் காயும், போத்தல் தண்ணி இல்லாமல் வகுப்புக்குப் போக மாட்டேன். படுக்கப்போகும் போது போட்டால் காலமை தலை பஞ்சு மாதிரி இருந்தது, எட்டு மணிக்கே போடத் தொடங்க அது சரி வந்தது. நிறை மூன்று கிலோ ஏறியிருக்கிறது, அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். ஆறு, எட்டுக் கிழமை போகாமல் வேலை செய்யுதோ இல்லையோ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். நான் மூன்றாம் கிழமையே எறியப் பார்த்தவள்.

இன்னொருவருக்கு இதே மருந்து சரிவராது, அதை மனதில் வை. சிலருக்குப் புரொப்பனலோல் கொடுப்பார்கள், அது இதயக்காரரின் மருந்து. உனக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு (அஸ்மா), அதால் அதை யார் எழுதினாலும் முதல் தொய்வைச் சொல்லு, மூச்சுக்குழாயை இறுக்கும்.

வருகிற அன்றைக்கு என்ன செய்கிறேன் என்றும் கேட்டாய். கருக்கு மறைந்து இடி தொடங்குகிற கையோடு, சத்தியை நிற்பாட்டுகிற குளிசை ஒன்றும் வலிக்குளிசை முழு அளவில் ஒரு தரமும். மைக்ரேன் நேரத்தில் வயிறு அசையாமல் நின்றுவிடும், அதுதான் பிந்திப் போட்ட மருந்து உள்ளுக்கே கிடக்கிறது. கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் தொடுவதில்லை. மற்றப்படி நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை, ஆறு பிளேன்ரீயை இரண்டாக்கினது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் போகாமல் தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும் போனேன், தொப்பியோடு. சனம் பார்த்துச் சிரித்தது.

உன் டொக்டர் சொன்ன மாத ஊசிக்கு வருகிறேன். பயப்பட ஒன்றும் இல்லை. மைக்ரேன் நேரத்தில் முகத்து நரம்பு முனைகளிலிருந்து சிஜிஆர்பி என்றொரு புரதத் துண்டு வெளிவந்து இரத்தக் குழாயை விரித்து வலியைக் கிளப்புகிறது. அதை 1980களிலிருந்து துருவினவர்கள் சுவீடனின் எட்வின்சனும் அவுஸ்திரேலியாவின் கோட்ஸ்பியும். 2021இல் இன்னும் இரண்டு பேரோடு மூளை ஆராய்ச்சிப் பரிசும் பெற்றார்கள். அந்தச் சிஜிஆர்பியை மறிக்கிற ஊசிகள் 2018இல் வந்தன. மைக்ரேனைத் தடுக்கவென்றே உண்டாக்கின மருந்து, எனக்குத் தருகிற மாதிரி வேறு வருத்தத்திடம் கடன் வாங்கினது இல்லை. சிலதுக்கு மலச்சிக்கல் வரும், அதைக் கேட்டுக்கொள். எனக்கு அந்த விலை எட்டாது. உனக்குக் காப்புறுதி கட்டும் என்றால் போடு. ஆனால் உன் குளிசைக் கணக்கை உன் டொக்டருக்குச் சொன்னாயா? எனக்கென்றால் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று படுகிறது. நானும் சொல்லவில்லையே.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. உன் மகளுக்கும் "கண்ணுக்குள்ள மின்னுது" என்று போகிற போக்கில் சொன்னாய். இது குடும்ப வழியாக வரும். கருக்கு மின்னுகிற பெண்கள் ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை பாவித்தால் பாரிசவாத ஆபத்துக் கூடும். பத்தொன்பது வயதுப் பிள்ளை, முகப்பருவுக்கென்றும் அதை எழுதிக் கொடுப்பார்கள். ஏசாமல், குடையாமல், டொக்டரிடம் மின்னுகிற கதையைச் சொல்லச் சொல்லு. நீ கேட்டால் சண்டை வரும் என்றால் என்னோடு கதைக்க விடு, நான் பாடம் நடத்துகிற மாதிரிச் சொல்லிவிடுவேன்.

நாளைக்கு நவராத்திரி தொடங்குது, பாடசாலையில் வாணி விழா வேலை எல்லாம் வழமை போல என் தலையில். சாம்பிராணிப் புகை எனக்கு ஆகாது என்று இந்த முறை வாய் திறந்து சொல்லிவிட்டேன், புதிதாக வந்த ரீச்சர் அதை எடுத்துக்கொண்டா.

புழுக்கொடியலோடு ஒரு கலண்டரும் சுருட்டி வைத்திருக்கிறேன், அதே புடவைக்கடை, அதே லட்சுமி. 2025 என்றபடியால் மிச்சம் மூன்று மாதம்தான். ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து குத்து, சிவப்பும் நீலமும். மாதம் முடியத் தாளைப் படம் பிடித்து அனுப்பு, நான் எண்ணுகிறேன். உன்னை எண்ண விட்டால் ஏழெட்டு என்பாய்.

உன்
வதனி

பி.கு.: புழுக்கொடியலைக் கடித்துத் தின்னாதே, தாடை இறுகினால் அதுவும் தலைக்கு ஏறும். இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடு.