என் வீட்டுச் சுவரில் யாரோ ஐந்து பேர்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
அழகாபுரம், சேலம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வீட்டு உள்ளலங்கார நிறுவனம், சேலம் கிளை.

பொருள்: ஹால் அலங்கார வேலையில் எங்கள் பொருட்களைச் சேதப்படுத்தியது, ஒப்பந்தத்தில் இல்லாதவற்றை வைத்தது, இழப்பீடு கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் 14ஆம் தேதி உங்கள் ஆட்கள் ஹால் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் சுவரில் ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள். விறைப்பாக நிற்கும் ஒரு நடுவயதுக்காரர். பட்டாளத்து உடுப்பில் ஓர் இளைஞர். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள், கனமான மரச்சட்டம். இவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது.

உங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். காரைக்குடிப் பழைய சாமான் கடையில் மொத்தமாக எடுத்தது, "ஒரு பழைய ஃபீல் வரும் மேடம்" என்றார். பில்லில் "விண்டேஜ் போர்ட்ரெய்ட் செட், 5 எண்ணம், ரூ.14,500" என்று இருக்கிறது.

நம் ஊரில் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் ஆபீசில் ஒருவருக்குமா தெரியாது? அமாவாசை அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், வீட்டு வேலைக்கு வரும் பெண் ஐந்து பேருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு துண்டு கதம்பமும் சாத்தியிருக்கிறாள். "அய்யாவோட அப்பாருங்களா அக்கா?" என்று தலைப்பாகைக்காரரைக் காட்டிக் கேட்டாள். அடுத்த வாரம் ஆத்தூரிலிருந்து வந்த என் கணவரின் பெரியம்மா அதே படத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியே நம்ம குடும்பத்து மூக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதற்கு எந்த வரியில் இழப்பீடு கேட்பது என்றும் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் உங்கள் டிசைனர் தம்பி வந்தபோது நன்றாகத்தான் பேசினார். ஹால் ஒரே நாளில் கடையிலிருந்து இறக்கியதுபோல் இருக்கக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது மாதிரி இருக்க வேண்டும் என்றார். சேர்ந்தது மாதிரி என்ன, எங்கள் வீட்டில் உள்ளதெல்லாம் சேர்ந்ததுதானே தம்பி என்றேன். நாற்பது வருஷத்துச் சாமான். அதை ஒழுங்காக எடுத்து வைக்கத் தெரியாமல்தான் உங்களைக் கூப்பிட்டோம். எங்களுடையவை 22 பொருட்கள், அவற்றோடு சேர்ந்து போகிற மாதிரி நீங்கள் வாங்குவது 6 என்று பட்டியல் போட்டுக் கையெழுத்தும் போட்டோம். மொத்தம் ரூ.1,85,000. முன்பணமாக ரூ.1,20,000 கொடுத்திருக்கிறேன். ஐந்து பேர் படம் அந்த ஆறில் இல்லை.

இன்று ஹாலில் இருப்பவற்றில் எங்களுடையது 7. மீதி 15 பொருட்கள் மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. வெளியே இருக்கும் ஏழில் இரண்டைப் பெட்டியிலேயே விட்டிருக்கலாம்.

ஒன்று, கல்சட்டி. என் அம்மாயி வீட்டிலிருந்து வந்தது. மாக்கல்லில் கடைந்தது, அகல வாய், இரண்டு பக்கமும் பிடி. புதுக் கல்சட்டியை வாங்கி வந்த அன்றே அடுப்பில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். நாள்கணக்கில் சூடான அரிசிக் கஞ்சி ஊற்றி ஊற வைத்து, எண்ணெயும் மஞ்சளும் தடவி, சின்னத் தணலில் ஆரம்பித்துப் பழக்க வேண்டும். அப்படிப் பழகிய சட்டி கன்னங்கரேல் என்று ஆகிவிடும், அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் சட்டியில் மூன்று தலைமுறைக்குக் கீரை கடைந்திருக்கிறோம். பண்டிகை நாட்களில் அதையே கழுவி, தண்ணீர் ஊற்றி, பூ மிதக்கவிட்டு ஹாலில் வைப்பேன். பட்டியலிலும் "கல்சட்டி – தண்ணீர், பூ" என்றுதான் எழுதியிருக்கிறது.

உங்கள் ஆள் அதன் அடியில் டிரில்லிங் மெஷினை வைத்து ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஏதோ கத்தி மாதிரி இலையுள்ள செடி ஒன்றை நட்டிருக்கிறார். தண்ணீர் வடிய வேண்டுமாம். மாக்கல் மெதுவான கல், துளைக்கச் சிரமமே இருந்திருக்காது. அதனால்தான் அவருக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க நேரம் கிடைக்கவில்லை போல. புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். வாங்கித் தரட்டும். கூடவே பழக்கியும் தரட்டும். கஞ்சி நான் வேண்டுமானால் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டாவது, டீப்பாய். என் அப்பா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையைக் கேட்க யாராவது அகப்பட்டால் விடமாட்டார். எஸ்டேட்டில் வயதான காபிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டபோது, முறுக்கிய அடித்தண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையே காலாக வைத்து, மேலே சில்வர் ஓக் பலகை அடித்து ஓர் ஆசாரியிடம் செய்யச் சொன்னார். காபி மரம் மெதுவாக வளரும், அதனால் கட்டை நல்ல கெட்டி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஜீப்பின் பின்னால் உருண்டு புரண்டு கீழே வந்தும் அந்த டீப்பாய்க்கு ஒரு கீறல் விழவில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்த பழைய பாலிஷ். சூடான டம்ளர் வைத்த வட்டங்கள் அதில் இருந்தன. எது அப்பா வைத்தது என்று எனக்கு அடையாளம் தெரியும்.

அதைத் தேய்ப்பு மெஷினில் தேய்த்து, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் சுரண்டிப் "பழசாக்கி" வைத்திருக்கிறீர்கள். நிஜமாகவே பழசாக இருந்ததை ஏன் புதிதாக்கி, மறுபடி பழசாக்க வேண்டும்? ஊருக்குப் பக்கத்து வெள்ளைக்கல் கரடுகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்களுக்கு ஹாலிலும் ஒன்று எதற்கு?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்து அதன்மேல் இன்னொரு விரிப்பு போடுவதாகப் பேச்சு. ஜமக்காளம் பெட்டிக்குள் போய்விட்டது. அதன் இடத்தில், சாயம் போனதுபோல் அச்சடித்த பாலியஸ்டர் கார்ப்பெட். ஒப்பந்தப்படி மேல்விரிப்பு 6க்கு 9 அடி, வந்தது 4க்கு 6. சோபாவின் முன்கால்களாவது விரிப்பின்மேல் ஏற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே உங்கள் டிசைனர்தான். இப்போது அது சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் குளித்துவிட்டுக் காய்கிற துண்டு மாதிரி கிடக்கிறது. விளக்குகள் 2700 கெல்வின், மஞ்சள் ஒளி என்று எழுதிக் கொடுத்துவிட்டு 6500, பளிச்சென்ற வெள்ளை ஒளி மாட்டியிருக்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்கிற கடைக்கு அந்த வெளிச்சம் சரி. புத்தகங்களை முதுகு உள்பக்கமாகத் திருப்பி அடுக்கியிருக்கிறீர்கள், எல்லாம் ஒரே நிறமாகத் தெரிய வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகம் தேடி, பதினொன்றை உருவிய பிறகு கிடைத்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் படங்களெல்லாம் உத்தரத்துக்குக் கீழே, இரண்டு ஆணியில் முன்னால் சாய்ந்து, கழுத்து வலிக்கிற உயரத்தில் இருந்தன. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில், கண் மட்டத்தில் வர வேண்டும் என்று அளந்து ஆணி அடித்தது சரியான வேலை. ஆணியெல்லாம் இருக்கட்டும். அதில் மாட்ட எங்கள் மாமனார் மாமியார் படமே பெட்டிக்குள் இருக்கிறது, எங்கள் மூக்கோடு.

நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்து படங்களையும், பாலியஸ்டர் கார்ப்பெட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றின் விலையைப் பில்லில் கழிக்க வேண்டும். விளக்குகளைச் செலவில்லாமல் மாற்ற வேண்டும். டீப்பாயின் பெயிண்டை நான் சொல்லும் ஆசாரி எடுத்து மறுபடி அரக்கு பாலிஷ் போடுவார், கூலி உங்களுடையது. முறுக்குத் தண்டின் இடுக்குகளில் இறங்கிய பெயிண்ட்டை அவர் கத்தி முனையால்தான் எடுக்க வேண்டும் என்கிறார், அதனால் கூலி கூடத்தான் ஆகும். கல்சட்டிக்கு ரூ.10,000. அதன் விலை அதுவல்ல, ஆனால் ஏதாவது ஓர் எண் எழுத வேண்டியிருக்கிறது. பெட்டியில் உள்ள 15 பொருட்களையும் பட்டியல்படி வைத்து முடித்த பிறகே பாக்கி ரூ.65,000 கிடைக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஒப்பந்தம், பில் நகல்கள் இணைத்திருக்கிறேன். ஓட்டை விழுந்த சட்டியின் படமும் உண்டு, செடியை எடுத்துவிட்டு எடுத்தது.

ஆள் அனுப்பும்போது ஐந்து படங்களுக்கும் தகுந்த பெட்டி கொடுத்தனுப்பவும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமையில் பெரியவர்களை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாதாம், வேலைக்கு வரும் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
சேலம்