மசக்கையில் தவிக்கும் தோழிக்கு

அன்புள்ள கவிதா,

ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில், "எட்டாவது வாரம் நடக்கிறது, தலை தூக்க முடியவில்லை" என்கிறாய். நல்ல சேதி சொல்கிற லட்சணமா இது? இருந்தாலும் மனசு நிறைந்துபோயிற்று. நீங்கள் இரண்டு பேரும் இதற்காக எவ்வளவு ஏங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். "இவ்வளவு ஆசைப்பட்டு வந்ததைக் குறை சொல்லலாமா" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. ஆசைப்பட்டவளுக்கு வாந்தி வந்தால் கஷ்டமாக இருக்காதா என்ன? சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், குமட்டல் குமட்டல்தான். வாய்விட்டுத் திட்டு. வேறு யாரிடமும் முடியாவிட்டால் என்னிடம் திட்டு.

எங்கள் வீட்டுச் சேதி கொஞ்சம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எந்த மூலையில் தூசி இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார், எங்கள் நிம்மதி போயிற்று. பெரியவன் என்னை விட உயரமாகிவிட்டான். சின்னவள் யார் பேச்சையும் கேட்பதில்லை. வயிற்றில் இருந்தபோதே அப்படித்தான், ஐந்தாம் மாதம் வரை என்னை ஆட்டிவைத்தவள் அவள்தானே. பெரியவன் சமயத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரே உடம்பு, இரண்டு தரம், இரண்டு விதம். அதனால் "அக்காவுக்கு ஒரு நாள்கூட வாந்தி வரவில்லை, எனக்கு மட்டும் ஏன்" என்று கணக்குப் போடாதே. கர்ப்பமாகிற பெண்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேருக்குக் குமட்டலோ வாந்தியோ உண்டு. உன் அக்காதான் விதிவிலக்கு.

உன் மாமியார் "மனசை வேறு பக்கம் திருப்பு, சரியாகிவிடும்" என்று சொல்கிறாராம். பாவம், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இது மனசு செய்கிற வேலை இல்லை. 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆராய்ச்சி வந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்று ஒரு ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது, அது மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் போய் வேலை செய்கிறது. கர்ப்பத்துக்கு முன்னால் யார் உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் இது திடீரென்று ஏறும்போது அதிகமாகப் படுத்துகிறது. காரமே பழகாத நாக்கில் மிளகாயை வைத்த மாதிரி. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு எப்போதுமே இந்த ஹார்மோன் அதிகமாக இருக்குமாம், அவர்களுக்கு மசக்கைத் தொந்தரவு குறைவாக இருப்பதையும் அதில் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் முக்கியமானவர் மார்லேனா ஃபெஜ்சோ. அவரே மசக்கையில் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தவர். அவருடைய டாக்டரே அதை நம்பவில்லையாம், கவனத்தை ஈர்க்க நடிப்பதாக நினைத்தாராம். அந்த ஆத்திரத்தில்தானோ என்னவோ இத்தனை வருஷம் அதையே துருவிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு உதவியது ஒன்றுதான்: வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, முட்டவும் கூடாது. வாந்தி வருமே என்று பயந்து பட்டினி கிடந்தால் குமட்டல் இரட்டிப்பாகும். ஒன்றரை மணி, இரண்டு மணிக்கு ஒரு தரம் இரண்டு வாய் போதும். தலைமாட்டில் உப்பு பிஸ்கட்டோ ரஸ்க்கோ வைத்துக்கொள். கண் விழித்ததும் படுத்தபடியே ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எழுந்திரு. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் சின்னச் சின்ன மடக்காகக் குடி. வெறும் தண்ணீரே உமட்டினால் ஐஸ் துண்டைச் சப்பு, இல்லை எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார். சூடான சாப்பாட்டை விட ஆறிப்போனது மேல், ஏனென்றால் அதில் ஆவியும் வாசனையும் கிடையாது. சமையல்கட்டுப் பக்கமே போகாதே. உன் வீட்டுக்காரர் சமைக்கட்டும், கற்றுக்கொள்ளட்டும், உப்பு கூடினாலும் வாயைத் திறக்காதே.

இஞ்சி உண்மையிலேயே கொஞ்சம் உதவும். குமட்டலைக் குறைக்கும், ஆனால் வாந்தியை நிறுத்தும் என்று நம்பாதே. குமட்டலை அடக்க மணிக்கட்டை அழுத்தும்படி கட்டும் பட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சில ஆராய்ச்சியில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. கெடுதல் ஒன்றும் கிடையாது, வேண்டுமானால் கட்டிக்கொள்.

"சத்தாகச் சாப்பிடு, குழந்தைக்கு வேண்டாமா" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். குழந்தை இப்போது ஒன்றரை சென்டிமீட்டர்தான். உன் உடம்பில் இருக்கிற சேமிப்பே அதற்கு இப்போதைக்குப் போதும். இந்த வாரங்களில் எது உள்ளே தங்குகிறதோ அதுதான் சத்து. பழக்கலவையும் முளைகட்டிய பயறும் நாலாம் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே, அது இந்தச் சமயத்தில்தான் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் குமட்டல் கூடுகிறதா என்று கவனி. பலருக்கு அதுதான் வில்லன். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா, ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். அப்புறம், வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதே. வயிற்று அமிலம் பட்டிருக்கும்போது தேய்த்தால் பல்லின் மேற்பூச்சு தேயும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறு.

இப்போது மாத்திரை விஷயம். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எவ்வளவு முடியுமோ தாங்கிப் பார்க்கிறேன்" என்கிறாய். உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 1957-இல் தாலிடோமைடு என்ற மருந்து ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து பல நாடுகளுக்குப் பரவியது. கர்ப்பிணிகளுக்குக் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறந்த பிறகு, 1961 கடைசியில்தான் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, பாதுகாப்புக்கு ஆதாரம் போதாது என்று கையெழுத்துப் போட மறுத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது. அந்தப் பயம் தலைமுறை தாண்டியும் போகவில்லை, போகாததும் நியாயம்தான்.

ஆனால் உன் சீட்டில் இருப்பது அது இல்லை. வைட்டமின் பி6-உம் டாக்ஸிலமின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தும் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு தனிக் கதை உண்டு. இந்த இரண்டும் அடங்கிய மருந்து 1950-களிலிருந்து அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. தாலிடோமைடுக்குப் பிறகு எல்லா மருந்து மேலும் சந்தேகம் வந்தபோது இதன் மேலும் வழக்கு மேல் வழக்கு விழுந்தது. கெடுதல் செய்கிறது என்று நிரூபணம் ஆகாமலே, வழக்குச் செலவு தாளாமல் கம்பெனி 1983-இல் அதை நிறுத்திவிட்டது. நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று? பிறவிக் குறைகள் குறையவில்லை. மசக்கை வாந்தி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்கள்தான் அதிகமானார்கள். முப்பது வருஷம் கழித்து, 2013-இல், அதே அரசு அதே கூட்டுக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தது. இடையில் முப்பது வருஷம் படுக்கையில் கிடந்த பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

அதனால் சீட்டை எடு. தாங்கிக்கொள்வதற்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை. குமட்டல் கொஞ்சமாக இருக்கும்போதே அடக்குவது சுலபம், முற்றிய பிறகு மாத்திரையே உள்ளே தங்காது. டாக்டர் ராத்திரி போடச் சொல்லியிருந்தால் ராத்திரியே போடு. மெதுவாகக் கரைந்து காலையில் வேலை செய்யும்படி செய்த மாத்திரைகள் உண்டு, வாந்தி வந்த பிறகு தேடினால் அதற்குப் பலன் இருக்காது. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதே. கடையில் தனியாக பி6 வாங்கி உன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம், அதிகமானால் நரம்பைப் பாதிக்கும். அது சரிப்படாவிட்டால் வேறு மருந்துகளும் இருக்கின்றன. "மருந்து கேட்கவில்லை" என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டியது மட்டும் உன் வேலை.

இதை மட்டும் உன் வீட்டுக்காரரையும் படிக்கச் சொல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர்ந்த நிறத்தில் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, எடை மளமளவென்று குறைகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி: இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிரிப்ஸ் ஏற்றினால் சில மணி நேரத்தில் ஆள் மாறிவிடும். நாள்கணக்கில் எதுவுமே தங்காதவர்களுக்கு பி1 வைட்டமினும் சேர்த்துக் கொடுப்பார்கள், அது குறைந்தால் மூளையையே பாதிக்கும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குள்தான் இந்த அளவுக்குப் போகும். பிரிட்டன் இளவரசி கேத்தரினே 2012 டிசம்பரில், மூத்த பிள்ளையைச் சுமந்தபோது, இதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அரண்மனையில் எத்தனை பேர் பணிவிடை செய்தாலும் வருவது வரும்.

இன்னொன்று. "போன வியாழக்கிழமை ஒரு நாள் முழுக்கக் குமட்டவே இல்லை, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அழுதேன்" என்றாய். குமட்டல் இருக்கிறவர்களுக்குக் கரு தங்காமல் போவது குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்வது உண்மைதான். அதைத் திருப்பிப் போட்டு, குமட்டல் இல்லாவிட்டால் ஆபத்து என்று படிக்கக் கூடாது. குமட்டலே தெரியாமல் நான் சுமந்த என் பெரியவன் ஆறடியை நெருங்கிக்கொண்டிருக்கிறான். ஏறுவதும் இறங்குவதும் இதன் சுபாவம். ரத்தப்போக்கோ வலியோ இருந்தால் உடனே டாக்டரைப் பார். அதெல்லாம் இல்லாமல் ஒரு நல்ல நாள் கிடைத்தால், அன்றைக்குக் கொஞ்சம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

எப்போது முடியும் என்று கேட்டாயே. பெரும்பாலும் ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கும். பலருக்கு 12-ஆவது வாரத்திலிருந்தே தெளியத் தொடங்கும், 16-இலிருந்து 20 வாரத்துக்குள் பெரும்பாலோருக்குப் போய்விடும். என்னைப் போலச் சிலருக்கு அதைத் தாண்டியும் இழுக்கும், அதை இப்போதே நினைத்துக் கவலைப்படாதே.

ஆபீசில் மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்கிறாய். உன் இஷ்டம். ஆனால் உதவி தேவைப்படுவதே இந்த மூன்று மாதத்தில்தானே? எல்லோருக்கும் வேண்டாம், நம்பிக்கையான ஒருத்தரிடமாவது சொல்லிவை. கூட்டத்துக்கு நடுவில் எழுந்து ஓடினால் சமாளிக்க ஒரு ஆள் வேண்டாமா?

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும், உனக்கு முடியாவிட்டால் உன் வீட்டுக்காரரை எழுதச் சொல். அடுத்த மாதக் கடைசியில் எனக்குச் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது. நான் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன், துணி மடிப்பேன், உன் மாமியாரோடு பேசிக்கொண்டிருப்பேன். வரும்போது சென்ட் போட்டுக்கொள்ள மாட்டேன், சத்தியம்.

அன்புடன்,
உன் வசந்தி