படிகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறையில் குடும்பத்தோடு போய்வர ஏற்ற ஊர்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் என் மாமியாரைப் போன்றவர்களை நினைத்து அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் வலி.

சென்ற மே மாதம் கொடைக்கானல் போனோம். இ-பாஸ் எடுத்தோம், அறை பதிவு செய்தோம், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கினோம். அத்தையின் முழங்கால் யார் நினைவுக்கும் வரவில்லை. வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதை முழுக்க மரவேரும் கல்லும். "நீங்கள் போய் வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஏறி வந்தோம். பிள்ளைகளுக்காக வேர்க்கடலையை உரித்து, பருப்பைத் தனியே, தோலைத் தனியே பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை என்பது இரவில்தான் தெரிந்தது. போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு முதலில் அவரைத்தான் கேட்டோம். திருக்கடையூர் அபிராமியைப் பார்க்க வேண்டும் என்றார். பெரியவனுக்கு வரலாறு என்றால் உயிர். சின்னவளுக்குக் கடல் இருந்தால் போதும். தரங்கம்பாடியில் தங்கினோம், திருக்கடையூர் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். மேடு பள்ளம் இல்லாத ஊர். மார்கழி வெயிலில் ராஜ வீதியில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை மெல்லக் கடற்கரை வரை நடந்தே வந்துவிட்டார். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இது, 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் இது என்று பேரன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கடல் அரித்தது போக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோய்க் கைகூப்பினார். இதே ஊருக்கு மே மாதம் போயிருந்தால் எல்லோருமே வதங்கியிருப்போம். ஊரைப் போலவே மாதமும் முக்கியம்.

தங்களிடம் கேட்பது இதுதான். ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது வண்டி எதுவரை போகும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், படிகள் எத்தனை, கைப்பிடி உண்டா, உட்கார நிழல் உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழனிக்கு 693 படிகள், ஏற முடியாதவர்களுக்கு விஞ்ச் ரயிலும் ரோப் காரும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முழங்கால் வலிக்காரர்களும் துணிந்து கிளம்புகிறார்கள். பராமரிப்புக்காக ரோப் கார் நிற்கும் நாள்களும் உண்டு என்பதால் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். மற்ற ஊர்களுக்கு இந்த விவரம் எங்களுக்கு எங்கே கிடைக்கிறது?

அடுத்த கோடைச் சிறப்பிதழிலேயே இதைத் தொடங்குங்கள். அத்தை இப்போதே ஏற்காடு எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி