பாசிக்காரி வேடம் கட்டப்போகும் மகளுக்கு

பாம்பன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பெங்களூருவில் நடக்கவிருக்கும் பெல்லி டான்ஸ் போட்டியில், வேடம் கட்டி ஆடும் பிரிவுக்கு கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் நம் ஊர்ப் பாசிக்காரப் பெண்ணையே பாத்திரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். உறவில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதை என்னிடம் விட்டுவிடு. வள்ளி திருமணம் நாடகத்தில் பபூனாக, அதாவது கோமாளியாக நின்று விடிய விடியப் பேசியவனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

நீ முதலில் யோசித்திருந்த மெலாயா லெஃப் என்ற எகிப்திய நடனத்தைப் பற்றி நீ அனுப்பிய காணொளிகளை எல்லாம் பார்த்தேன். அலெக்சாந்திரியா துறைமுகத்துப் பெண் கறுப்புத் துணியை உடம்போடு இழுத்துச் சுற்றிக்கொண்டு, முகத்தில் வலைத்திரையும் காலில் செருப்புமாக, வாயில் சூயிங்கம் மென்றபடி வருகிறாள். அந்த ஊர்த் தெருவில் யாரும் அப்படி ஆடியதில்லை என்றும், 1959-இல் கெய்ரோவில் தம் குழுவைத் தொடங்கிய மஹ்மூத் ரெடா மேடைக்காகக் கட்டிய நடனம் அது என்றும் நீதான் எனக்குச் சொன்னாய். அவர் துறைமுகத்துப் பெண்ணின் நடையையும், வாய்த்துடுக்கையும், நழுவும் துணியை ஓயாமல் இழுத்து விடும் கையையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். அப்படியிருக்க, பாம்பன் கரைப் பெண்ணை வைத்து நீ ஒரு பாத்திரம் கட்டுவதில் தவறு என்ன இருக்கிறது? எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்காகவே சித்தியை வீட்டுக்கு வரச் சொல்லி, கடலுக்குப் போகும் கோலத்தை அப்படியே கட்டிக்காட்டச் சொன்னேன். முதலில் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினாள்; அதன்மேல் சித்தப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. பிறகு கிழிந்த வேட்டித் துணியை நீள நீளமாகக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றினாள். இடக்கை விரல்களை வலக்கையால் சுற்றிவிட்டாள். வலக்கைக்கு வந்தபோது துணியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டே சுற்றி முடிச்சுப் போட்டாள். பாறையும் பவளப்பாரும் கிழிக்கும் விரல்கள் அவை. இடுப்பில் வலைப்பை, கண்ணுக்குக் கண்ணாடி. கடைசியாக உட்கார்ந்து, துடுப்புபோலத் தண்ணீரைத் தள்ளுவதற்கான அலுமினியத் தட்டைக் காலில் மாட்டினாள். மேடைக்கு இதில் எதை எடுப்பாய் என்று நான் கேட்பதற்குள், "பை இல்லாமல் பாசிக்காரியா? மற்றதை எல்லாம் விட்டாலும் அதை விடாதே என்று பிள்ளைக்கு எழுதுங்கள் அத்தான்" என்றாள்.

அவள் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். உன் ஆட்டமே இடுப்பில் இருக்கிறது. அவள் உழைப்பின் பாரமும் இடுப்பில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் பை கனத்துக்கொண்டே போகும். அந்தக் கனத்துக்கு ஏற்றபடி அவள் இடுப்பை ஒரு பக்கம் தூக்கி நடப்பாள். தொடக்கத்தில் காலிப் பையோடு துள்ளலாக வந்து, முடிவில் நிறைந்த பையோடு இடுப்பைத் தாழ்த்தி அசைத்தால், ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க நடந்த வேலையை நடுவர்களுக்குக் காட்டிவிடலாம். பெல்லி டான்ஸ் கச்சையில் காசு கட்டும் இடத்தில் சோழிகளைக் கோத்துக்கொள். ஆனால் பைக்குள் உண்மையான பாசியை வைக்காதே. காய்ந்தால் உதிர்ந்து மேடையெல்லாம் சிதறும், அடுத்து ஆட வருகிறவள் வழுக்கி விழுவாள்.

விரல் துணியில் ஒரு சிக்கல் இருக்கிறது. விரலில் மாட்டித் தட்டும் சிறு உலோகத் தாளமான விரல்தாளம் போட்டு ஆடப்போவதாகச் சொல்லியிருந்தாய். தாளத்தின் நாடா கட்டைவிரலிலும் நடுவிரலிலும் இறுக்கமாக உட்கார வேண்டும். அங்கே துணி சுற்றியிருந்தால் நாடா நழுவும், துணி விளிம்பில் பட்டால் ஓசையும் அடைத்துப்போகும். அந்த இரண்டு விரலை மட்டும் வெறுமையாக விடலாமே என்று சித்தியிடம் கேட்டேன். கட்டைவிரலைச் சுற்றாமல் எந்தப் பெண் கடலில் இறங்குவாள் என்று சிரித்தாள். தாளத்தை விட்டுவிடு என்பது என் யோசனை. சோழி கொடுக்கும் ஓசை போதும். துணி சுற்றிய கைதான் அந்தப் பெண்ணின் அடையாளம்.

சட்டையைப் பற்றி உனக்குத் தயக்கம் இருக்கும். ஜிகினாக் கச்சையும் மார்க்கச்சையும் இல்லாமல் இடுப்பசைவு தெரியுமா என்று ஆசிரியை கேட்டதாகச் சொன்னாய். எகிப்தில் பலாடி என்ற நாட்டுப்புற ஆட்டம் ஆடுகிறவர்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை அங்கி போட்டு, இடுப்பில் ஒரு துணியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதானே ஆடுகிறார்கள்? நீயும் சட்டையை உடம்போடு பிடித்து, இடுப்பில் ஈரிழைத் துண்டை வரிந்து கட்டு. சட்டையை மார்புக்குக் கீழே முடிந்து வயிற்றைக் காட்டும் அலங்காரம் மட்டும் வேண்டாம். அது சினிமா மீனவப் பெண், இந்தக் கரையில் அப்படி யாரும் இல்லை. தாயி, இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வேறு வேடத்துக்கு நீ எதை உடுத்தினாலும் எனக்குச் சம்மதமே.

மேடையேறியதும் முதல் பத்தடியில் ஆள் யார் என்று தெரிந்துவிட வேண்டும். பபூன் வேடத்தில் எங்களுக்கும் அதுதான் பாடம். ஆர்மோனியக்காரர் வாசித்து முடித்து பலவித ஒலிகளைத் தட்டி எழுப்பும் ஆல்ரவுண்டுக்காரர் ஒரு தட்டுத் தட்டியதும், நடை சரியாக விழுந்தால் கூட்டம் சிரித்துவிடும், விழாவிட்டால் முகத்தில் எத்தனை முத்துவெள்ளை பூசியிருந்தாலும் பயனில்லை. ஆகவே தட்டு மாட்டிய காலோடு நடந்து வராதே. விளக்கு வரும்போது உட்கார்ந்து தட்டைக் கழற்றிக்கொண்டிரு. அதை ஓரமாக வைத்துவிட்டு எழு. அதன் பிறகு வெறுங்கால் ஆட்டம்.

இசையில் தர்புக்கா மேளம் இல்லாமல் தனிக்கருவி மெதுவாக இழையும் தக்ஸீம் பகுதி வருகிறதல்லவா, அதைத்தான் கடலடியாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நீந்துவதுபோலக் கையை வீசினால் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஆகிவிடும். மூச்சை அடக்கி வயிற்றை மட்டும் அலையாக உருட்டு. கை பாறையில் எதையோ தேடட்டும். பிறகு 'தும் தக், தக் தும் தக்' என்று மக்சூம் தாளக்கட்டு விழும் இடத்தில் தலை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். சித்தி மேலே வந்ததும் சிரிக்கமாட்டாள். வாயால் காற்றை இழுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதுத் தண்ணீரை வடிப்பாள். அந்த ஒரு சாய்வைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், பார்.

பாவம், ஏழைப்பெண் என்று கண்ணைக் கசக்கும் ஆட்டமாக மட்டும் இதை ஆக்கிவிடாதே. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்ததும், பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே நடக்கும் தகராறும் உனக்குத் தெரிந்தவை. சில நிமிட ஆட்டத்தில் அதைச் சொல்ல இடமில்லை. சொல்ல முயன்றால் ஆட்டம் கெடும். அறிவிப்பாளர் வாசிப்பதற்கு இரண்டு வரி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களே, அதில் இவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகரும், கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட்டும் என்று உணவைக் கெட்டியாக்கும் பொருள்கள் கிடைக்கின்றன என்பதை எழுது. பாசி எடுக்கும் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-இல் பெற்றதையும் சேர்க்கலாம். எங்கள் பெண்கள் கெட்டிக்காரிகள், வாய் ஓயாதவர்கள், படகில் போகும்போதே பாட்டும் கேலியுமாகப் போகிறவர்கள். மேடையில் அந்தத் துடுக்கு தெரிய வேண்டும். ரெடாவின் துறைமுகத்துப் பெண்ணிடம் இருந்து நீ கடன் வாங்க வேண்டியது அது ஒன்றுதான்.

சட்டையையும் தட்டையும் இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். சட்டை பெரிதாக இருந்தால் தோளைப் பிடித்துத் தைக்காதே, கையை மட்டும் மடித்துவிட்டுக்கொள். தட்டின் ஓரம் கூராக இருக்கிறது. தேய்த்து மழுக்கச் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் மேடையில் கழற்றும்போது கவனம். முழு வேடத்தோடு, விளக்குச் சூட்டில், வியர்வை வழிய ஆடிப் பார்த்துவிட்டு எந்த முடிச்சு அவிழ்கிறது என்று எனக்குச் சொல். சித்தியிடம் கேட்டு வேறு முடிச்சு எழுதி அனுப்புகிறேன்.

உன் அப்பா