எடையைக் குறைத்தால் உதை கூடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் பகுதியில் டெக்சாஸிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மான் வேட்டைக்குப் புதிதாக வரும் மனைவிக்கு, "பெண்தானே, தூக்கச் சுலபமாக இருக்கட்டும்" என்று இருப்பதிலேயே எடை குறைந்த .30-06 (பலமான ஒரு தோட்டா வகை) ரைஃபிளாகப் பார்த்து வாங்கினாராம், மனைவி நாலைந்து குண்டு சுட்டுவிட்டுப் போதும் என்று வைத்துவிட்டாராம், ஆகவே பெண்களுக்கு இதில் ஆர்வமில்லையாம். ஆர்வம் இல்லாமல் இல்லை ஐயா, தோள் கன்றிப்போயிருக்கும்.

தோட்டா ஒன்றேயானாலும் துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை, அதாவது சுடும்போது அது தோளைப் பின்னுக்குத் தள்ளும் வேகம், கூடும். உதைக்குப் பயந்துவிட்ட உடம்பு விசையை அழுத்தும்போதே கண்ணை மூடும், தோளை முன்னால் தள்ளும், நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றில் பாயும், அப்புறம் அடிபட்ட மானை இருட்டில் டார்ச் அடித்து ரத்தத்துளி பார்த்துத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் இருப்பது விஸ்கான்சினில். இங்கே காட்டுக்குள் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான் சுட வேண்டிவரும். அதற்கு .243 வின்செஸ்டர் என்ற தோட்டா தாராளம். 1955இலிருந்து புழக்கத்தில் உள்ளது, உதை .30-06இல் ஏறக்குறைய பாதிதான். ஆனால் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை வாங்கிவிடக் கூடாது, அது சின்னப் பிராணிகளுக்கானது, மானுக்கு 90, 100 கிரெய்ன் வேண்டும். இன்னும் கொஞ்சம் பலம் வேண்டுமென்றால் 7எம்எம்-08 அல்லது 6.5 க்ரீட்மோர் தோட்டா. என் ஓட்டு 7எம்எம்-08க்கு.

தோட்டாவைவிட முக்கியம் பின்கட்டை, தோளில் பதிகிற பகுதி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரைஃபிளில் விசையிலிருந்து கட்டையின் கடைசிவரை பதின்மூன்றரை அங்குலத்துக்குக் குறையாது, ஐந்தடி சொச்சம் உயரமுள்ள பெண்ணுக்கு அது நீளம். சரி, சிறுவர்களுக்கான கட்டையை வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். நீளம் குறையும், ஆனால் கன்னம் வைக்கிற இடம் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும், கழுத்து நீண்டவர்கள் தலையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டுதான் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பார்க்க வேண்டும். வெதர்பி நிறுவனம் 2016இல் கொண்டுவந்த கமிலா மாடலில் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள்: 13 அங்குல நீளம், உயர்ந்த கன்னமேடு, மெலிந்த பிடி. அதுதான் வேண்டும் என்றில்லை. கடையிலேயே சோதிக்கலாம். துப்பாக்கி காலியா என்று திறந்து பார்த்துவிட்டு, குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் வைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்து அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் பொருந்துகிறது. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தாலோ கழுத்தை நீட்ட வேண்டியிருந்தாலோ அடுத்ததை எடுங்கள். இதைக் கணவர் செய்து பார்த்துப் பிரயோசனம் இல்லை, சுடப்போகிறவர் செய்ய வேண்டும். வலது கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருப்பதும், அதாவது குறிபார்க்க இடது கண்ணே முந்திக்கொள்வதும் உண்டு, அதையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பிங்க் நிறத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள். எங்கள் மாநிலத்தில் 2016இல், வேட்டைக்காரர்கள் மற்றவர் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சு உடைக்குப் பதிலாகப் பளீர் பிங்க் உடையும் போடலாம் என்று சட்டமே கொண்டுவந்தார்கள், பெண்கள் அதனால் வேட்டைக்கு வருவார்களாம்! வேட்டைக்காரப் பெண்களே பலர் முகம் சுளித்தார்கள்.

அந்த டெக்சாஸ் வாசகர் எழுதாமல் விட்ட ஒன்று இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போட்டிருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. கணவரின் லைசென்ஸ் மனைவிக்குச் செல்லாது, மனைவி பெயரிலேயே எடுக்க வேண்டும். தற்காலிக விசாக்காரர் வீட்டில், சீசன் முடிந்து லைசென்ஸ் காலாவதியான பிறகும் ரைஃபிள் வீட்டு அலமாரியில் இருந்தால் அதுவே குற்றம், ஆகவே புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, மேடிசன், விஸ்கான்சின்