சான்றிதழ்க் குவியல் வேண்டாம்: பதவி உயர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் "டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவை ஏற்றிவிடுங்கள்" என்று, அதாவது எங்கள் கற்பித்தல் பணிக்கான சான்றுகளைக் கணினிக் கோப்புகளாகத் தொகுத்துத் தரும்படி, சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அதில் ஒரு வரி இருப்பதில்லை. ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். பயிலரங்குச் சான்றிதழ்கள், குழுப் படங்கள், அப்புறம் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று ஒரே பாடத்திட்டத்துக்கு மூன்று பிரதிகள். நீங்கள் அதை முழுதாகப் படிப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

1970களில் கனடாவின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் இப்படிச் சான்றுகளைத் தொகுக்கும் யோசனையை முன்வைத்தபோது நோக்கம் வேறாக இருந்தது. ஆய்வுக்கட்டுரைகளை எண்ணியே ஆசிரியரை எடைபோட்டுவிடாமல், வகுப்பறை வேலைக்கும் சான்று காட்ட வழி தேடினார்கள். பிறகு அமெரிக்காவில் இதைப் பரப்பிய பீட்டர் செல்டினும் 8 முதல் 10 பக்க விளக்கமும் பின்னிணைப்பும் போதும் என்றார்.

ஆகவே முதலில் பக்க வரம்பு வையுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் மேலே நாலு வரி விளக்கம் கேளுங்கள். ஒரு புள்ளியியல் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வினாத்தாளில் "திட்டவிலக்கத்தைக் கணக்கிடுக" என்று கேட்டிருக்கிறார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு அது. பிள்ளைகள் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை கண்டுவிட்டார்கள். அந்த எண் எதைச் சொல்கிறது என்று எழுதத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு கேள்வி மாறுகிறது: "இரு வகுப்புகளின் சராசரி ஒன்றே, திட்டவிலக்கம் வேறு. எந்த வகுப்புக்குப் பாடம் நடத்துவது கடினம், ஏன்?" இரண்டு வினாத்தாள், நடுவில் ஒரு விடைத்தாள். அவர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று அறிய எனக்கு இது போதும்.

விடைத்தாளில் மாணவர் பெயரை மறைக்க வேண்டும், அவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும். பிடிஎஃபில் பெயர்மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மறைந்துவிடாது. அடியில் எழுத்து அப்படியே இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது வெளியே வந்துவிடும். இதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுங்கள்.

இன்னொன்று. வேலை மாறும் ஆசிரியரின் கல்லூரிக் கணக்கை மூடினால், அதிலிருக்கும் கோப்புகளும் அவர் கைவிட்டுப் போகின்றன. மூடும் முன் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள அவகாசம் வேண்டும். உலாவியில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 முடிவோடு நின்றதும், அதில் செய்த பாடங்கள் திறக்காமல் போனதைப் பார்த்தோமே. எந்தத் தளத்தில் ஏற்றச் சொன்னாலும் சரி, சாதாரண பிடிஎஃப் பிரதி ஒன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பக்க வரம்பை மட்டுமாவது அடுத்த சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள். அதற்குப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்